விடுமுறைப் புள்ளிகள்: வாங்கலாமா, வேண்டாமா?

உத்தியோக நிமித்தமாகவோ வியாபார நிமித்தமாகவோ தமிழ்நாட்டை விட்டு டில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவரைத் தேடி இந்நாளில் புதுவகையான விற்பனைப் பொருள் ஒன்று வருகிறது. அது வீடு அன்று, நிலம் அன்று, நகையும் அன்று. இனி வரும் 10 அல்லது 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சில நாட்கள் ஒரு மலைவாசஸ்தலத்திலோ கடற்கரையிலோ சென்று தங்குவதற்கான உரிமையே அது. அந்த உரிமையைப் 'புள்ளி'களாக எண்ணித் தருகிறார்கள். விலை சில லட்சம் ரூபாய். இதை வாங்குவது ஒரு குடும்பத்துக்குத் தக்கதா, தகாததா என்பதை எவ்வாறு தீர்மானிப்பது? அதை இங்கே ஆராய்வோம்.

இதன் அடிப்படைத் தத்துவம் நமக்குப் புதியது அன்று. ஓர் ஏரியின் நீரை ஆயக்கட்டுதாரர் அனைவரும் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வதை நம் கிராமங்களில் கண்டிருக்கிறோம். ஏரி ஒன்றே, முறைகள் பல. அதுபோலவே ஒரு விடுதி அறையின் ஆண்டை 52 வாரங்களாகப் பகுத்து, வாரத்துக்கு ஒருவராக உரிமை கொடுத்தால் அது 'டைம்ஷேர்' ஆகிறது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. ஏரிப் பாசனத்தில் நிலம் நம்முடையது. இங்கோ பெரும்பாலும் நமக்குப் பட்டாவும் இல்லை, கிரயப் பத்திரமும் இல்லை. குறித்த காலம் வரை தங்கும் அனுமதி மட்டுமே உண்டு. காலம் தீர்ந்தால் அனுமதியும் தீர்ந்தது. ஆகவே இதைச் சொத்து என்று கருதாமல், முன்பணம் கட்டி வாங்கும் சேவை என்று கருதுவதே சரியாகும்.

இம்முறை ஐரோப்பாவில் 1960-ஆம் ஆண்டுகளில் தோன்றியது. ஸ்விட்ஸர்லாந்தில் 1963-இல் தொடங்கப்பெற்ற ஹாபிமாக் என்னும் நிறுவனம் உறுப்பினர்களுக்குப் புள்ளிகளை வழங்கி, அவற்றைக் கொடுத்துப் பல ஊர்களில் தங்கும் ஏற்பாட்டைச் செய்தது. அமெரிக்காவில் 1974-இல் ஆர்.சி.ஐ. என்னும் நிறுவனம், ஒரு விடுதியில் உள்ள வாரத்தைக் கொடுத்து மற்றொரு விடுதியின் வாரத்தைப் பெறும் பரிவர்த்தனையைத் தொடங்கியது. நம் நாட்டில் 1986-இல் ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996-இல் மஹிந்திரா ஹாலிடேஸ் நிறுவனமும் இத்தொழிலில் இறங்கின. அவற்றுக்குப் பின்னே சிறியனவும் பெரியனவுமாக வேறு பல வந்தன. சில மறைந்தும் போயின.

வாரமுறையில் ஒரு சங்கடம் இருந்தது. குறித்த வாரத்தில் போக இயலாவிட்டால் அந்த ஆண்டின் உரிமை வீண். அதற்குப் பரிகாரமாகவே புள்ளிமுறை வந்தது. ஆண்டுதோறும் உறுப்பினரின் கணக்கில் குறித்த எண்ணிக்கைப் புள்ளிகள் வரவு வைக்கப்படும். எந்த ஊர், எந்தப் பருவம், எவ்வளவு பெரிய அறை, வார நாளா வார இறுதியா என்பதைப் பொறுத்து ஓர் இரவுக்கு இத்தனை புள்ளி என்று பட்டியல் இருக்கும். செலவழியாத புள்ளிகளை மறு ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும், மறு ஆண்டின் புள்ளிகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளவும் சில நிறுவனங்கள் இடம் தருகின்றன. கேட்பதற்கு இது மிகவும் வசதியாகவே தோன்றும்.

ஆனால் புள்ளி என்பது நிறுவனம் அச்சடிக்கும் நாணயம் என்பதை மறத்தலாகாது. அதன் எண்ணிக்கை நம் கையில்; அதன் மதிப்போ பட்டியலைத் தயாரிப்பவர் கையில். இன்று உதகையில் ஓர் இரவுக்கு 100 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளை அது 130 ஆனால், நம் கணக்கில் ஒரு புள்ளியும் குறையாமலே நம் விடுமுறை சுருங்கிவிடும். ஆகவே, வாங்கும் முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'எத்தனை புள்ளி தருவீர்கள்?' என்பது அன்று. 'இந்தப் பட்டியலை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு உண்டா? உண்டெனில் எந்த வரம்புக்குள்?' என்பதே.

இனி லாப நஷ்டக் கணக்கைப் பார்ப்போம். உதாரணமாக, வரி உள்பட உறுப்பினர் கட்டணம் 4 லட்சம் ரூபாய், ஆண்டுச் சந்தா 18,000 ரூபாய், கிடைப்பது ஆண்டுக்கு 7 இரவு, காலம் 25 ஆண்டு என்று கொள்வோம். அந்த 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டு, 25 ஆண்டுகளில் முதலும் வட்டியும் தீரும்படி எடுத்து வந்தால் ஆண்டுக்குச் சுமார் 34,300 ரூபாய் கிடைக்கும். அதுவே நாம் ஆண்டுதோறும் இழப்பது. சந்தாவையும் சேர்த்தால் 52,300 ரூபாய். 7 இரவையும் தவறாமல் அனுபவித்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 7,500 ரூபாய் ஆகிறது. சராசரி 4 இரவே தங்கினால் 13,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். பெரும்பாலான திட்டங்களில் சாப்பாட்டுச் செலவு வேறு.

விற்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டல் வாடகை ஆண்டுதோறும் ஏறும். நாம் கட்டிவிட்ட 4 லட்சம் ஏறாது என்பார்கள். அது உண்மையே. வாடகையும் சந்தாவும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இன்று 7,500 ரூபாய் வாடகையுள்ள அறை 12 ஆண்டுக்குப் பின் சுமார் 13,500 ரூபாயாகும். உறுப்பினருக்கோ, 7 இரவும் தங்கினால், ஓர் இரவு சுமார் 9,500 ரூபாய்தான். ஆனால் ஆண்டுக்கு 5 இரவுக்குக் குறைவாகத் தங்கினால் அப்போதும் நஷ்டமே.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒப்பிட வேண்டிய வாடகை, விற்பவர் காட்டும் சொகுசு அறையின் வாடகை அன்று; இத்திட்டம் இல்லாவிட்டால் நாம் மெய்யாகவே எந்த அறையில் தங்கியிருப்போமோ அதன் வாடகை. இன்று 4,000 ரூபாய் அறையில் திருப்தியாகத் தங்கும் குடும்பத்துக்கு, மேற்சொன்ன அதே ஏற்றத்தில், 25 ஆண்டு முடியும் வரையில் உறுப்பினர் கணக்கு ஓட்டல் கணக்குக்குக் கீழே இறங்குவதே இல்லை. இதில் தவணை முறையில் கட்டுபவர் கொடுக்கும் வட்டியைச் சேர்க்கவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே கணக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: நாம் ஆண்டுதோறும் மெய்யாகவே போவோமா? இங்கேதான் வெளி மாநிலத்தில் வாழும் நம்முடைய நிலை தனிப்பட்டதாகிறது. நமது விடுமுறை பெரும்பாலும் முன்பே பேசி முடிக்கப்பட்டது. அக்காள் மகள் கல்யாணம், தம்பி வீட்டுக் காதுகுத்து, குலதெய்வத்துக்குப் பொங்கல், வயதான பெற்றோருடன் பத்து நாள் என்று ஊர் நம்மை அழைத்தபடியே இருக்கிறது. டில்லியிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்த் திரும்புவதிலேயே நான்கைந்து நாள் ரயிலில் கழிந்துவிடும். எஞ்சிய விடுப்பில் உல்லாசப் பயணத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும்? கடந்த 5 ஆண்டுகளில் ஊர்ப் பயணம் நீங்கலாக எத்தனை இரவு வெளியே தங்கினோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் விடை தானே வரும். எதிர்காலத்தைப் பற்றிய நம் ஆசையைவிட, சென்ற காலத்தைப் பற்றிய அந்தத் தாளே நம்பத்தக்கது.

பருவமும் நம் வசத்தில் இல்லை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கே நாம் கிளம்ப முடியும். உதகையில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதமும், வங்காளத்தில் பூஜை விடுமுறை வரும் நாட்களும் எல்லோரும் கிளம்பும் காலம். புள்ளி அதிகம் கேட்கும் காலமும், இடம் கிடைப்பது அரிதாகும் காலமும் அவையே. குறைந்த விலைக்குக் குறைந்த பருவத்து உரிமையை வாங்கிய குடும்பம், பள்ளி நடக்கும் நாளில் அதை எப்படி அனுபவிக்கும்? ரயிலைப் பற்றியும் ஒரு சொல்: 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. நெரிசல் காலத்து அறையையோ அதற்கும் முன்பே பதிவு செய்ய நேரும். அறை கிடைத்து ரயில் கிடைக்காமலும் போகலாம்.

மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு எல்.டி.சி. என்னும் பயணச் சலுகை உண்டு. அது பயணக் கட்டணத்துக்கே உரியது. தங்கும் செலவை அது ஏற்பதில்லை. ஆனால் சிம்லா, முசோரி, மைசூர், உதகை, கன்னியாகுமரி முதலிய இடங்களில் சர்க்காரின் விடுமுறை இல்லங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன. லட்சக்கணக்கில் கொடுக்கும் முன், கையிலுள்ள இவ்வசதியை நாம் எத்தனை முறை பயன்படுத்தினோம் என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

விற்பனை நடைபெறும் விதமும் அறியத்தக்கது. கடைவீதியிலோ பெட்ரோல் நிலையத்திலோ ஒரு சீட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்குவார்கள். 'பரிசு விழுந்திருக்கிறது, கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும்' என்று அழைப்பு வரும். வீட்டில் கலந்து பேச வேண்டும் என்ற சாக்குக்கு இடமில்லாமற் செய்யவே இருவரையும் அழைக்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் படம் காட்டிப் பேசி, 'இந்த விலை இன்று மாலை வரையில்தான்' என்பார்கள். நாளை இல்லாத விலை இன்றும் நியாயமான விலை அன்று. காசோலைப் புத்தகத்தையும் கடன் அட்டையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவது போன்ற பாதுகாப்பு வேறில்லை.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. ஆகவே ஒப்பந்தத்தின் சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. பேச்சு இந்தியில் நடக்கிறது. கையெழுத்து ஆங்கிலத்தில் விழுகிறது. பேச்சில் 'கிடைக்கும்' என்றது, பத்திரத்தில் 'இடம் இருப்பின் கிடைக்கலாம்' என்று ஆகியிருக்கும். 'ஷல்' என்பது கடமை. 'மே' என்பது விருப்பம். பத்திரம் முழுவதிலும் நிறுவனத்துக்கு எங்கே 'மே', நமக்கு எங்கே 'ஷல்' என்று கோடிட்டுப் பார்த்தால் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது விளங்கிவிடும். முக்கியமாக, சந்தா உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா, போகாத ஆண்டிலும் சந்தா கட்ட வேண்டுமா, கட்டத் தவறினால் உரிமை என்ன ஆகும், வேறொருவருக்கு மாற்றக் கட்டணம் எவ்வளவு, நம் காலத்துக்குப் பின் வாரிசுகள் விலகிக்கொள்ள முடியுமா, எத்தனை நாளுக்குள் ரத்துச் செய்தால் பணம் திரும்பும் என்பவற்றை எழுத்தில் காண வேண்டும். ஐரோப்பிய யூனியனில் 2008-ஆம் ஆண்டு விதிப்படி வாங்குபவருக்கு மனம் மாற 14 நாள் அவகாசம் உண்டு. நம் நாட்டில் டைம்ஷேருக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆகையால் பத்திரத்தில் எழுதியிருக்கும் அவகாசமே நமக்குத் துணை.

இன்னோர் எச்சரிக்கை. 'நீங்கள் தங்காவிட்டால் போட்ட பணத்தை வளர்ச்சியுடன் திருப்பித் தருவோம்' என்று யாரேனும் சொன்னால், அது விடுமுறை வியாபாரம் அன்று. முதலீடு திரட்டும் காரியம். அதற்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் பதிவு வேண்டும். பான்கார்டு கிளப்ஸ் என்னும் நிறுவனம் விடுதி இரவுகளின் பெயரால் சுமார் 50 லட்சம் பேரிடம் ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய் திரட்டியது. அது அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று தீர்மானித்து, பணத்தைத் திருப்பித் தரும்படி செபி 2016-இல் உத்தரவிட்டது. உத்தரவு வேறு, பணம் கைக்கு வருவது வேறு என்பதை அதில் பணம் போட்டவர்கள் நன்கு அறிவார்கள்.

ஏற்கெனவே வாங்கி அல்லற்படுபவர்களுக்கும் வழியுண்டு. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்பனை மும்பையில் நடந்திருந்தாலும், இன்று ஜபல்பூருக்கு மாற்றலாகியிருப்பவர் ஜபல்பூரிலேயே முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். மத்தியஸ்தத்துக்கே போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தாலும் அது நுகர்வோர் வழக்குக்குத் தடையாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 டிசம்பரில் உறுதி செய்தது. முதற்படியாக 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

இவற்றால் இத்திட்டம் யாருக்கும் ஆகாது என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுதோறும் தவறாமல் வெளியூர் செல்லும் பழக்கமுடையவர், நல்ல அறைக்கு இப்போதே நல்ல வாடகை கொடுப்பவர், கூட்டமில்லாத பருவத்தில் புறப்பட வசதியுள்ளவர், கடன் வாங்காமல் முழுத் தொகையையும் கட்டக்கூடியவர் ஆகியோருக்கு இது பயன்படலாம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், அந்தத் தொகையை அஞ்சலகத்திலோ பாங்கிலோ போட்டு வைத்து, அதன் வட்டியைக் கொண்டு வேண்டியபோது வேண்டிய ஊருக்குப் போவதே நலம். அவ்வாறு போகும் விடுமுறையில் புள்ளிகளை எண்ண வேண்டியதில்லை. முதலும் நம் கையை விட்டுப் போவதில்லை.