டான் பிரவுனின் சதிமர்மப் புதினங்கள்

அமெரிக்க எழுத்தாளர் டான் பிரவுனின் ‘தி டா வின்சி கோட்’ (2003) சதிமர்மப் புதின வகையில் பரவலாக அறியப்பட்ட நூல். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் அதன் காப்பாட்சியர் கொல்லப்படுகிறார். அவர் விட்டுச்சென்ற குறிகளை ஆர்வர்டு பேராசிரியர் ராபர்ட் லாங்டன் பின்தொடர்கிறார்.

இதன் வாய்ப்பாடு எளியது. தொடக்கத்தில் ஒரு கொலை, பழைய ரகசியச் சங்கம், படித்த நாயகன், அவனுடன் ஓடும் பெண், ஏறத்தாழ ஒரு நாளில் முடியும் துரத்தல், நம்பியவரே எதிரி என்னும் திருப்பம். இவருடைய ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ (2000) நூலைப் படித்தவருக்கு இதில் எதுவும் புதிதில்லை. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு அத்தியாயங்கள்; பெரும்பாலானவை ஒரு கேள்வியில் நிற்கின்றன. விடுகதையை வாசகரும் கூடவே அவிழ்க்கிறார். ஓவியம், தேவாலயம், லத்தீன் என்று ஏதோ கற்றுக்கொண்ட நிறைவும் கிடைக்கிறது.

சிக்கல் அந்த நிறைவில்தான். பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகளாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நூலின் முகப்பில் ‘உண்மை’ என்ற தலைப்பிட்டு, சீயோன் மடம் 1099இல் தோன்றிய மெய்யான அமைப்பு என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது பியர் பிளான்டார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் பதிவுசெய்த சங்கம். அதற்குப் பழமை கற்பித்த ஆவணங்கள் 1960களில் பாரிசின் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்ட போலிகள். அந்தப் பக்கத்தை வரலாறாகவே நம்பிய வாசகர்கள் பலர். லூவர் பிரமிடின் கண்ணாடிகள்கூட நூல் சொல்வதுபோல் 666 அல்ல, 673.

ரகசியச் சங்க மோகத்தை இத்தாலியரான உம்பெர்த்தோ எக்கோ 1988இலேயே ‘ஃபூக்கோவின் ஊசல்’ புதினத்தில் கேலிசெய்திருந்தார். அதில் பதிப்பக ஊழியர் மூவர் விளையாட்டாக ஒரு சதியைப் புனைகிறார்கள். அதை மெய்யென்று நம்பியவர்களாலேயே அவர்களில் ஒருவர் கொல்லப்படுகிறார்.