சங்கத்துக்கும் வீட்டுக்கும் ஏற்ற அச்சுப்பொறி எது?

கூட்ட அறிவித்தலையும் பரீட்சை வினாத்தாளையும் பல பிரதிகளாக்க ஒரு காலத்தில் நமக்கு உதவியது கையால் சுழற்றும் றோணியோ இயந்திரம். அதற்கு மின்சாரம் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பற்றரியும் கடதாசியும் அரிதாயிருந்த வன்னியில் இது சிறிய விடயமல்ல. இன்று கிராம அபிவிருத்திச் சங்கங்களும் முன்பள்ளிகளும், வீட்டில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெற்றோரும் அச்சுப்பொறி வாங்குகின்றனர். ஆனால் வாங்கிய சில மாதங்களிலேயே மை வாங்க வசதியின்றி மூலையில் கிடக்கும் இயந்திரங்களும் உண்டு. பொதுப் பணத்தைச் செலவிடுமுன் சில விடயங்களை அறிந்துகொள்வது நல்லது.

இயந்திரத்தின் விலையை மட்டும் பார்க்கலாமா?

கூடாது. மலிவான இயந்திரத்துக்குப் பெரும்பாலும் மை விலை அதிகம். மையின் விலையை, அது அச்சிடும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக, 6,000 ரூபா மைக்கூடு 200 பக்கம் தருமாயின் பக்கமொன்றுக்கு 30 ரூபா. 3,000 ரூபா மைப்போத்தல் 4,000 பக்கம் தருமாயின் ஒரு ரூபாவுக்கும் குறைவு. பெட்டியில் குறித்துள்ள பக்க எண்ணிக்கை குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களை வைத்து அளந்தது. படங்கள் நிறைந்த பக்கங்களுக்கு அது பொருந்தாது.

எத்தனை வகை உண்டு?

மைக்கூடு வகை: வாங்கும் விலை குறைவு, அச்சிடும் செலவு அதிகம். சில வாரங்கள் பாவிக்காவிட்டால் மை காய்ந்து நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும்.

மைத்தொட்டி வகை: போத்தலிலிருந்து மை ஊற்றலாம். நிறப்படங்களும் அச்சிடலாம். மின்சாரம் மிகக் குறைவாகவே எடுக்கும். ஆனால் இதுவும் அடைபடும். எனவே வாரம் ஒருமுறையாவது ஒரு பக்கம் அச்சிட வேண்டும்.

லேசர் வகை: ‘டோனர்’ என்னும் தூளை வெப்பத்தால் உருக்கிக் கடதாசியில் ஒட்டுகிறது. மாதக்கணக்கில் சும்மா இருந்தாலும் தூள் காயாது. கறுப்பு எழுத்து தெளிவாக விழும். ஆனால் சூடேறும் வேளையில் பல நூறு வாட் மின்சாரம் எடுக்கும். சிலவற்றில் அது ஆயிரம் வாட்டை நெருங்கும். சிறிய சூரியமின் தொகுதியிலோ, கணனிக்கென வைத்த சிறிய யூ.பி.எஸ்ஸிலோ இதனை இணைக்க வேண்டாம்.

புள்ளி அச்சுப்பொறி: ஊசிகள் நாடாவில் அடித்து அச்சிடுவது. காபன் பிரதியுடன் பற்றுச்சீட்டு வழங்கும் கூட்டுறவுக் கடைகளுக்கு இன்றும் ஏற்றது.

நனைந்தால் என்னவாகும்?

நம்மவர் பலமுறை இடம்பெயர்ந்தவர்கள். 2009 இல் முடிந்த போரில் காணிப் பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து, பின்னர் அவற்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தோர் ஏராளம். மாரி மழையும் வெள்ளமும் ஆண்டுதோறும் வருவன. ஆகவே இதுவும் கவனிக்க வேண்டியதே. சாதாரண சாய மையில் அச்சிட்ட எழுத்து நீர்பட்டால் கரைந்து பரவும். டோனரும் நிறமி மையும் அவ்வாறு எளிதில் கரைவதில்லை. சூட்டுத்தாளில் அச்சிட்ட பற்றுச்சீட்டு வெயிலிலும் வெப்பத்திலும் மங்கிவிடும். பணம் கட்டியதற்கான சான்று எனில் உடனே பிரதி எடுத்து வையுங்கள்.

எதைத் தெரிவு செய்வது?

கடிதம், அறிக்கை, கணக்கு என்று கறுப்பு எழுத்தே அதிகமாயின், மின்வசதியும் சீராயின், கறுப்பு லேசர் போதும். பிள்ளைகளின் படங்கள், நிறச் சுவரொட்டிகள், சூரியமின் பாவனை எனில் மைத்தொட்டி நல்லது. மாதம் பத்துப் பக்கந்தான் தேவையெனில் வாங்கவே வேண்டாம்; சந்தியிலுள்ள போட்டோப்பிரதிக் கடையே இலாபம்.

வாங்குமுன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்குரிய மை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ எப்போதும் கிடைக்குமா? திருத்துபவர் எங்கே இருக்கிறார்? உத்தரவாதம் எவ்வளவு காலம்? 2022 மார்ச்சில் கடதாசியும் மையும் போதாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. தலைநகரத்தில் அந்த நிலையெனில், ஒரே ஓர் ஊரில் மட்டும் மை கிடைக்கும் இயந்திரத்தை நாம் நம்பியிருக்கலாமா?

வாங்கிய பின் செம்மண் தூசி புகாதபடி துணியால் மூடுங்கள். மாரிகாலத்தில் கடதாசியைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். ஈரக் கடதாசி சிக்கும். மை வாங்கிய திகதியையும் அச்சிட்ட பக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தால், சங்கப் பணம் எங்கே போகிறது என்பது அங்கத்தவர் அனைவருக்கும் விளங்கும்.