ஒரு கையில் சங்கிலி... மறு கையில் காகிதம்!

காலை ஆறு மணிக்குப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். கை வீசி நடப்பவர்கள் ஒரு பக்கம், யோகா செய்பவர்கள் ஒரு பக்கம். நடுவே செல்ல நாயோடு வருபவர்கள். புல்தரையைப் பார்த்ததும் நாய் உட்காருகிறது. சங்கிலியைப் பிடித்திருப்பவர் வேறு பக்கம் பார்க்கிறார். ‘வேலை’ முடிந்ததும் இருவரும் நடையைக் கட்டுகிறார்கள். சாயங்காலம் அதே இடத்தில் நம் வீட்டுக் குழந்தைகள் உருண்டு விளையாடுகிறார்கள்.

“மிதிச்சா நாறும், கழுவினா போச்சு. இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா டாக்டர்?” என்று கேட்பீர்கள். நாற்றத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் நானும் எழுதமாட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத முட்டை

நாயின் குடலில் ‘டாக்ஸோகாரா’ என்ற உருளைப்புழு வாழும். குட்டிகளிடம் இது அதிகம். தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குத் தொற்றிவிடும். தாய்ப்பால் வழியாகவும் தொற்றும். இந்தப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போதுதான் விழுந்த மலத்தில் உள்ள இந்த முட்டை உடனே தொற்றாது. உள்ளே இளம்புழு உருவாகி, தொற்றும் பக்குவம் வர 1 முதல் 4 வாரங்கள் ஆகும். ஆகவே அன்றே அள்ளிவிட்டால் கதை அதோடு முடிந்தது. அள்ளாமல் விட்டால்? மலம் வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து காணாமல் போகும். “மழை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு” என்று நாம் நிம்மதியாக இருப்போம். முட்டை போகாது. மண்ணோடு கலந்து மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூடக் கிடக்கும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கிற மண்தான் அப்போது ஆபத்தானது.

குழந்தைக்கு என்ன ஆகும்?

மண்ணில் அளைந்த கை வாய்க்குப் போகிறது. முட்டை குடலுக்குள் போய்ப் பொரிகிறது. மனிதக் குடலில் இந்தப் புழு முழுதாக வளர முடியாது. அதனால் இளம்புழு குடல்சுவரைத் துளைத்துக்கொண்டு, ஈரல், நுரையீரல் என்று அலைகிறது. பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமலே போய்விடும். சிலருக்குக் காய்ச்சல், இருமல், இழுப்பு, வயிற்றுவலி, ஈரல் வீக்கம் வரலாம். அபூர்வமாகக் கண்ணுக்குள் புகுந்துவிட்டால் விழித்திரை கெட்டு, அந்தக் கண்ணின் பார்வையே பறிபோகலாம்.

அமெரிக்காவில் ஹெலனார் வைல்டர் என்ற பெண் ஆய்வாளர், பெரும்பாலும் புற்றுநோய் என்று சந்தேகித்து அகற்றப்பட்ட 46 கண்களைச் சோதித்தார். 24 கண்களில் இருந்தவை இளம்புழுக்கள்! இதை 1950-ல் வெளியிட்டார்.

நாயின் கொக்கிப்புழு இன்னொரு தொல்லை. அதன் இளம்புழு, வெறுங்காலின் தோல் வழியாகவே நுழைந்து, கோடு கோடாகச் சிவந்து ஊரும் அரிப்பைத் தரும்.

கைமருந்து போதுமா?

“வேப்பங்கொழுந்து அரைச்சுக் கொடுத்தா பூச்சி விழுந்துடாதா?” என்று சித்த வைத்தியனான என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வேப்பங்கொழுந்தும் வாய்விடங்கமும் குடலில் இருக்கும் பூச்சிக்குச் சொன்னவை. இதுவோ குடலைத் தாண்டிப் போய்விட்ட புழு. குழந்தைக்குப் பார்வை மங்கினாலோ, திடீரென்று மாறுகண் விழுந்தாலோ, கண்ணின் பாவை வெள்ளையாகத் தெரிந்தாலோ, கைமருந்து பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, நோய் அணுகாமல் காப்பதே மேல் என்பதுதான் எங்கள் மருத்துவமும் சொல்வது.

சொல்லும் சாக்குகள்

“எங்க நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு.” நல்லது. ஆனால் வெறிநோய்த் தடுப்பூசி குடல்புழுவைக் கொல்லாது. அதற்குப் பூச்சி மருந்து தனி.

“மாட்டுச் சாணி மாதிரி இதுவும் உரம்தானே?” இல்லை. புழு முட்டை கலந்த நாய் மலத்தை அப்படியே மண்ணில் விட்டால், செடிக்கு உரம் போடுவதைவிட நோய்க்கு விதை போடுவதாகத்தான் ஆகும்.

“தெருநாய் போறதை யார் அள்றாங்க?” நியாயமான கேள்வி. அதற்கு உடையவர் இல்லை. உங்கள் நாய்க்கு நீங்கள் இருக்கிறீர்களே!

செய்ய வேண்டியவை

* கிளம்பும்போதே இரண்டு பழைய செய்தித்தாளும், கழுவிக் காயவைத்த பால் கவரும் எடுத்துக்கொள்ளுங்கள். கவருக்குள் கையை விட்டு, தாளால் அள்ளி, கவரை உட்புறம் வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டுக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். மழைநீர்க் கால்வாயில் வேண்டாம்.

* வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

* குட்டிக்குப் பிறந்த 2 வாரத்திலிருந்தே பூச்சி மருந்து தொடங்க வேண்டும். வளர்ந்த நாய்க்குப் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை. அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

* குழந்தைகள் மண்ணில் விளையாடிவிட்டு வந்தால், தின்பண்டத்தைத் தொடும் முன் கை கழுவட்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். செருப்பில்லாமல் பூங்காவுக்கு அனுப்பாதீர்கள்.

நியூயார்க் நகரில் 1978-லேயே, நாயை வளர்ப்பவர்தான் அள்ள வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நமக்கு அபராதச் சீட்டு எதற்கு? நாளைக் காலை சங்கிலியை எடுக்கும்போது, கூடவே அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். குனிந்து அள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது.