வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம்: மோட்டார் சைக்கிளில் நெடும்பயணமும் களைப்பும்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழித் தூரம் சுமார் 400 கிலோமீற்றர். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ புறப்படுபவர் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று ஊர் ஊராகக் கடந்தே வடக்கே போக வேண்டும். சந்தைகளும் சந்திகளும் பஸ் தரிப்பிடங்களும் குறுக்கிடும் இந்தப் பாதையில் எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவாகப் போய்ச் சேர நினைப்பது ஆபத்து. தைப்பொங்கல், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, நல்லூர்த் திருவிழா என்று வந்தால் பஸ்ஸில் இருக்கை கிடைப்பது அரிது. அந்த நாட்களில்தான் பலர் மோட்டார் சைக்கிளில் ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

இப்பயணத்தில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் ஆபத்து நித்திரை. வெள்ளிக்கிழமை வேலை முடித்து, வீட்டில் சாப்பிட்டு, காலி வீதியில் நெரிசல் குறைந்தபின் இரவு பத்து மணிக்குப் புறப்படுபவரை எடுத்துக்கொள்ளலாம். காலை ஐந்துக்கு எழும்பியிருந்தால், புறப்படும்போதே அவர் 17 மணித்தியாலம் விழித்திருந்தவர். இவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடைய அளவுக்கு மந்தமடைவதை 1990களில் நடந்த அவுஸ்திரேலிய ஆய்வு காட்டியது. 24 மணித்தியாலம் ஆகும்போது அது 0.10 வீதத்துக்கு ஒப்பாகிறது. இலங்கைச் சட்டம் சாரதிக்கு விதித்திருக்கும் எல்லை 0.08. விடியும் வேளையில் வன்னிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் அவர், ஒரு சொட்டும் குடிக்காமலே குடித்தவரின் நிலையில் இருக்கிறார். வீதியில் மறிக்கும் பொலிஸாரின் ஊதுகருவி இதைக் காட்டாது.

அதிகாலை இரண்டு மணி முதல் ஆறு மணி வரை உடம்பு நித்திரையை மிகக் கடுமையாகக் கேட்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய இரண்டு மணித்தியாலம் அதற்கு அடுத்தது. அப்போது கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கிவிடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று விநாடி என்பது 50 மீற்றர். புத்தளம் - அநுராதபுரம் வீதியில் கருவலகஸ்வெவப் பக்கம் அந்த 50 மீற்றருக்குள் யானை நிற்கலாம். ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கலாம். கடந்து வந்த கடைசிச் சில கிலோமீற்றர் நினைவில் இல்லாவிட்டால், அல்லது வண்டி தன்பாட்டில் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் போனால், உடனே நிறுத்த வேண்டிய கட்டம் வந்துவிட்டது. முகம் கழுவுவதும் பாட்டுக் கேட்பதும் சில நிமிடங்களுக்கே உதவும். ஒரு கோப்பி குடித்து, உடனே ஆள்நடமாட்டமுள்ள இடத்தில் இருபது நிமிடம் உறங்கினால், எழும்பும் நேரத்தில் கோப்பியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இதுவும் அவசரத்துக்கு மட்டுமே. இரவில் ஏழு மணித்தியாலம் உறங்கி, விடியும்போது கொழும்பை விட்டு, வெளிச்சத்திலேயே போய்ச் சேர்வதுதான் சரியான வழி. தடிமனுக்கு எடுக்கும் பிரிட்டோன் போன்ற குளிசைகள் நித்திரையைக் கூட்டுவதால் பயண நாளில் அவற்றை எடுக்கக் கூடாது.

உடம்பு நோவுக்குப் பெரும்பாலும் இருப்பே காரணம். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் அதிர்வு முழுவதும் மணிக்கட்டில் இறங்கி, விரல்கள் விறைக்கும். முழங்கால்களால் டாங்கியை அணைத்து, முழங்கையைச் சற்று மடக்கி, பிடியைத் தளர்த்தி ஓட வேண்டும். பின்பொக்கற்றில் பர்ஸ் இருந்தால் ஒரு பக்கம் சரிந்து, இடுப்பிலிருந்து கால்வரை உளையும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடப்பது முதுகுக்கும் இருப்புக்கும் நல்லது. புத்தளம் தாண்டியதும் உலர்வலயம். ஆடி, ஆவணியில் சோளகக் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், நீர் குறைவது தெரியாது. தலையிடியும் எரிச்சலும் வந்தபின் குடிப்பதைவிட, நிற்கும் இடமெல்லாம் கொஞ்சம் குடிப்பதே மேல். நீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத் தூள் ஒரு பக்கற் பையில் இருக்கட்டும்.

புறப்படும் முன் காப்புறுதிப் பத்திரத்தையும் வாசிக்க வேண்டும். கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. நித்திரை தூங்கி மதகில் மோதியவருக்கோ அவருடைய வண்டிக்கோ அது ஒரு சதமும் தராது. அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும். பின்னால் இருப்பவருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் கேட்டறிவது அவசியம். கோரிக்கையை நிறுவனம் நிராகரித்தால், முதலில் அதனிடம் எழுத்தில் முறையிட்டு, தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். மோதிய வாகனம் நிற்காமல் ஓடிவிட்டால், வீதிப் பாதுகாப்பு தேசிய சபையிடம் நட்டஈடு கோர வழி உண்டு. உணவகத்துக்கோ கடைக்கோ ஊழியராகச் சாப்பாடும் சாமானும் கொண்டு ஓடுபவர் வேலையின்போது விழுந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும்.

விபத்து நடந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸுக்கு 119. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காயப்பட்டவரின் ஹெல்மட்டை அவசரப்பட்டு இழுத்துக் கழற்றக் கூடாது, கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

சிலாபத்திலோ மதவாச்சியிலோ வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழருக்குப் பெரிய இடர் மொழி. சிங்களத்தில் எழுதியதை விளங்காமலே கையொப்பமிட்டுவிட்டு, நட்டஈடு கேட்கும்போது, தவறு தம்மீதே எழுதப்பட்டிருப்பதை அறிபவர்கள் உண்டு. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும், எந்த அரச அலுவலருடனும் தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழில் பதியும்படி கேட்க வேண்டும். முடியாது என்றால், எழுதியதைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையொப்பமிடாதீர்கள். மறுக்கப்பட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிலும், 1996 என்ற இலக்கத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம்.