‘ஹெச்.ஆர். ஃப்ரெண்ட்லியா பேசினாங்க’... இதை இங்கிலீஷ்ல எப்படி எழுதுறது?

இன்டர்வியூ முடிந்ததும் வீட்டுக்கு போன் போட்டு, “ஹெச்.ஆர். ரொம்ப ஃப்ரெண்ட்லியா பேசினாங்கம்மா” என்று சொல்வதில் ஒரு சிக்கலும் இல்லை. மதுரை இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ ஐ.டி. பூங்காவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அதையே ஆங்கில மெயிலில் எழுதும்போதுதான் கை நிற்கும். ‘ஷி ஸ்போக் ஃப்ரெண்ட்லி’யா? ‘ஃப்ரெண்ட்லிலி’யா?

ஸ்கூலில் படித்த விதி தெரிந்ததுதான். பெயரடையோடு ‘லி’ சேர்த்தால் வினையடை: குயிக், குயிக்லி. ஆனால் ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, சில்லி, கவர்ட்லி எல்லாம் ‘லி’யில் முடிந்தாலும் பெயரடைகள். இன்னொரு ‘லி’ சேர்த்த ‘ஃப்ரெண்ட்லிலி’ அகராதியில் இருக்கிறது. ஆனால் வாய்க்குள் நுழையாததால் ஆங்கிலேயர்களே அதை ஓரங்கட்டிவிட்டார்கள். நடைமுறையில் ‘ஷி ஸ்போக் இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றிவளைக்க வேண்டியதுதான்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்தின் பழைய பாக்கி. பழைய ஆங்கிலத்தில் பெயரடைக்கு ‘லிச்’, வினையடைக்கு ‘லிச்சே’ என்று தனித்தனி விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் வால் தேய்ந்து இரண்டுமே ‘லி’ ஆகிவிட்டன.

நம்மாட்கள் இதில் தடுமாறுவதற்கு தமிழும் ஒரு காரணம். ‘அவர் ஃப்ரெண்ட்லியா இருக்காரு’, ‘அவர் ஃப்ரெண்ட்லியா பேசினாரு’. இரண்டிலும் அதே ‘ஆ’தான், எழுத்துத் தமிழின் ‘ஆக’. ‘அழகா இருக்கு’, ‘அழகா பாடுச்சு’ என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் முதலாவது பெயரடை, இரண்டாவது வினையடை. அந்தக் கோட்டை தமிழ் போடுவதே இல்லை என்பதால், ‘ஷி ஸ்போக் ஃப்ரெண்ட்லி’ நம் காதுக்குத் தப்பாகவே படாது. இது படிப்புக் குறையில்லை, தாய்மொழிப் பழக்கம். இதை வைத்து ஒருவரின் திறமையை எடைபோடுவது அநியாயம். ஆனாலும் மெயில் பெரிய அதிகாரிக்குப் போகிறது என்றால் திருத்திவிடுவது நல்லது.

எல்லா வினைக்கும் ‘இன் எ வே’ தேவையில்லை. ‘இரு’ என்பதற்கான வினையோடும் லுக், சவுண்ட், சீம் போன்றவற்றோடும் பெயரடையே நேரடியாக வரும். ‘ஷி சவுண்டட் ஃப்ரெண்ட்லி’ முழுக்கச் சரி. இன்டர்வியூ பற்றி எழுத இதுவே சுலபமான வழி.

டெய்லி, வீக்லி, மன்த்லி, எர்லி ஆகியவற்றில் பிரச்சினையே கிடையாது. பெயரடை, வினையடை இரண்டுக்கும் ஒரே வடிவம். திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர் ‘ஐ டிராவல் டெய்லி’ என்று தைரியமாக எழுதலாம்.

நம் ஆபீஸ் மெயில்களில் தவறாமல் தலைகாட்டும் ‘கைன்ட்லி’யும் இரட்டை வேடம்தான். ‘கைன்ட்லி ரிப்ளை’யில் வினையடை, ‘எ கைன்ட்லி ஓல்டு மேன்’ என்றால் அன்பான பெரியவர்.