பச்சிளங் குழந்தைக்கு ஏற்ற தள்ளுவண்டில் எது?

குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாட் துடக்குக் கழிந்ததும் எம்மவர் வீடுகளில் எழும் முதற் கேள்வி தள்ளுவண்டிலைப் பற்றியது. ஊரில் ஏணையும் பேர்த்தியாரின் தோளும் போதுமாயிருந்தன. பலெர்மோவில் வியா மக்வேதாவை நடந்து கடக்கும் தாய்க்கு அவை இரண்டும் இல்லை. எனவே வண்டில் வேண்டும். ஆனால் விலையையும் நிறத்தையும் பார்க்குமுன் நாம் பார்க்க வேண்டியது குழந்தையின் கழுத்தை.

பச்சிளங் குழந்தைக்குத் தலையைத் தாங்கும் வலு இல்லை. நிமிர்த்தி இருத்தினால் தலை முன்சாய்ந்து நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுவழி ஒடுங்கும். சத்தமின்றியே ஆபத்து நேரலாம். ஆகவே, ஏறத்தாழ ஆறு மாதம்வரை மட்டமாகப் படுக்க வைக்கும் வண்டிலே உகந்தது. பிறந்த நாள் முதல் பாவிக்கத்தக்க இருக்கை குறைந்தது 150 பாகைக்குச் சரிய வேண்டும் என்கிறது 'ஈ.என். 1888' என்னும் ஐரோப்பியத் தரவிதி. கடைகளில் 'கரொட்சீனா' என்பது படுக்கை வண்டில். 'பஸெஜ்ஜீனோ' என்பது இருக்கை வண்டில்.

குடைபோல் மடியும் இலேசான வண்டிலை 1965இல் வடிவமைத்தவர் ஓவன் மக்லாரன் என்னும் ஆங்கிலேய விமானப் பொறியியலாளர். பேருந்துக்கு அது வசதியே. எனினும் முழுதாகச் சரியாத வகைகள் பச்சிளங் குழந்தைக்கு ஆகா. காரில் பூட்டும் ஆசனத்தை வண்டிற் சட்டத்தில் ஏற்றி, அதிலேயே மணிக்கணக்காகத் தூங்க விடுவதும் தகாது.

அடுத்தது எமது வழித்தடம். குவாத்ரோ கான்தியிலிருந்து தெயாத்ரோ மாசிமோ வரை வீதி நடப்போருக்குரியது. பல்லரோச் சந்தைப் பக்கத்து ஒழுங்கைகளிலோ மேடுபள்ளமான கற்றளம். சிறு சில்லுகள் இடுக்கிற் சிக்கும். மின்தூக்கி இல்லாத பழைய மாடிகளில் வசிப்போர், மடித்த வண்டிலை ஒரு கையாற் தூக்கிப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

பாவித்த வண்டில் வாங்குவது இழுக்கன்று. தடுப்பு இரு சில்லுகளையும் பிடிக்கிறதா, சட்டம் இறுகப் பூட்டுகிறதா, பட்டிகள் நைந்துள்ளனவா எனச் சோதித்தல் போதும். சந்தைப் பைகளைக் கைபிடியில் தொங்கவிட வேண்டாம். வண்டில் பின்புறமாகக் கவிழும். கோடை வெயிலுக்காக வண்டிலைத் துணியால் மூடவும் வேண்டாம்; காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறும். நிழலோரம் நடப்பதே நன்று.