நஞ்சில்லா வீடு – 6: மணலில் ஊற்றியது எங்கே போகிறது?

சென்ற வாரம் சுவர்களைப் பார்த்தோம். பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்கு 2013 முதல் நம் நாட்டில் சட்டப்படி வரம்பு இருப்பதையும், ரின்னில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் எழுதியிருந்தேன். இந்த வாரம் தரைக்கு இறங்குவோம்.

நோன்பு நெருங்குகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கரையோரம் முழுக்க வீடு கழுவும் காலம் இது. கதிரை, அலுமாரி எல்லாம் முற்றத்துக்கு வரும். பாய் வெயிலில் காயும். கடைகளின் முன்வரிசையில் நீலம், பச்சை, இளஞ்சிவப்பு நிறத் திரவங்கள் அடுக்கப்பட்டிருக்கும். தூய்மையை ஈமானோடு சேர்த்தே கற்ற சமூகம் நாம். அதனால்தான் அந்தப் போத்தல்களுக்குள் இருப்பது என்ன என்று கேட்கும் கடமையும் நமக்குக் கூடுதலாக இருக்கிறது.

மலசலகூடம் கழுவும் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துணி வெளுக்கவும் பாசி போக்கவும் வாங்கும் வெளுப்புத் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். தனித்தனியே, அளவோடு, ஜன்னலைத் திறந்து வைத்துப் பாவித்தால் இரண்டுக்கும் அதனதன் வேலை உண்டு. ஒன்று போதவில்லை என்று அதன் மேலேயே மற்றதை ஊற்றினால் அந்தக் கணத்திலேயே குளோரின் வாயு எழும். 1915இல் ஈப்ர் போர்முனையில் ஜேர்மன் படை எதிரிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். ஐந்தடிக்கு நாலடிக் குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்க்கும் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே அது எழுகிறது. வினாகிரியை வெளுப்புத் திரவத்தோடு கலந்தாலும் இதே கதைதான்.

சாய்ந்தமருதில் ஒரு மாமி என்னிடம் சொன்னார்: “கண் எரிஞ்சாத்தான் மகன் சுத்தமான மாதிரி இரிக்கி.” பல வீடுகளின் நம்பிக்கை இது. நெடி தூக்கினால்தான் கிருமி செத்தது என்று நினைத்துவிட்டோம். கண் எரிவதும் தொண்டை கமறுவதும் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டிலோ வேலையிலோ துப்புரவு செய்துவந்த பெண்களின் நுரையீரல் திறன், அந்த வேலை செய்யாத பெண்களை விட வேகமாகக் குறைந்திருந்தது. நம் வீடுகளில் கழுவுவதும் துடைப்பதும் யார் என்று நினைத்துப் பாருங்கள். உம்மாவும் ராத்தாவும் மூச்சில் வாங்குவதைத்தான் அந்த ஆய்வு அளந்திருக்கிறது.

காற்றில் கலந்தது போக மிச்சம் வடிகாலுக்குப் போகிறது. நம் ஊர்களுக்கே உரிய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கரைவாகு போன்ற வயல்வெளி, நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அதன் மேல் வீட்டோடு வீடு ஒட்டிய குடியிருப்பு. மாரி மழை மணலுக்குள் இறங்கி, பாலின் மேல் ஆடை படர்வது போல உப்பு நீரின் மேல் மெல்லிய நன்னீராகத் தங்குகிறது. நம் கிணறுகள் அள்ளுவது அந்த மெல்லிய படையைத்தான். அது எவ்வளவு மெல்லியது என்பதைச் சுனாமி காட்டியது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உப்பான கிணறுகளைத் துப்புரவாக்க இறைத்தார்கள். அளவு மீறி இறைத்த இடங்களில் கீழிருந்த உப்பு நீரும் மேலேறி வந்தது. கடைசியில் அவற்றைத் தேற்றியது மழைதான்.

மணல் நீரை வேகமாக விடும், வடிகட்ட நேரம் கொடுக்காது. மலக்குழியும் குளியலறை வடிகாலும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கும் வீட்டில், கழுவி ஊற்றியது தூரம் போக வழியில்லை. குழாய் நீர் வந்த பிறகும் குளிக்க, உடுப்புக் கழுவ, செடிக்கு ஊற்றப் பலருக்குக் கிணறுதான். மலக்குழிக்குள் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. கிருமிநாசினியைப் போத்தல் போத்தலாகக் கவிழ்த்தால் அவையும் சாகும், செரிக்காத கழிவு மணலுக்குள் இறங்கும்.

மாற்று என்ன? அன்றாட அழுக்குக்குச் சாதாரண சவர்க்காரமும் தண்ணீரும் தும்புத் தேய்ப்பானும் போதும். எண்ணெய்ப் பிசுக்கை நீரோடு கலக்கச் செய்து கழுவிப் போக்குவது சவர்க்காரத்தின் இயல்பு. குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளைச் சுண்ணாம்புக் கறைக்குத் தேசிக்காய் அல்லது வினாகிரியைத் தடவிக் கால் மணி நேரம் விட்டால் கரைந்துவிடும். கருகிய சட்டிக்கும் கழுவு தொட்டிக்கும் அப்பச்சோடா. இரண்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். நுரை பொங்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் கழுவும் வலு போய்விடும்.

வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம் என்றால் கிருமிநீக்கம் கட்டாயம் வேண்டும். தேசிக்காயை நம்பி இருக்கக் கூடாது. 5 வீத வெளுப்புத் திரவத்தில் 20 மில்லிலீற்றரை எடுத்து, மொத்தம் ஒரு லீற்றர் வரும்படி தண்ணீர் சேர்த்தால் தரைக்குப் போதும். முதலில் சவர்க்காரத்தால் கழுவி, அலசிய பிறகு இதைப் பூசுங்கள். தண்ணீர்ப் போத்தலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் எடுக்கும் பிள்ளைக்கு அது தண்ணீராகவே தெரியும்.

அடுத்தது நுளம்புச்சுருள். டெங்கு வெறும் பேச்சல்ல. 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது, நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தப் பயத்தில்தான் இரவிரவாகச் சுருள் எரிகிறது. சுருளில் நுளம்பை விரட்டும் மருந்து மிகச் சொற்பம். மீதி மரத்தூள், சிரட்டைத்தூள், பசை, சாயம். இரவு முழுக்கப் புகையாக மாறுவது இந்த மீதிதான். 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம். வாப்பாவைப் புகைக்க வேண்டாம் என்று சொல்லும் வீட்டில், குழந்தையின் தலைமாட்டில் இது எரிகிறது.

டெங்கைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் குத்துவது காலையிலும் மாலை சாயும் நேரத்திலும். இரவுச் சுருள் அந்த நேரங்களைக் காக்காது. அந்த நுளம்பு முட்டையிலிருந்து ஒரு வாரமளவில் வளர்ந்துவிடுகிறது. எனவே வாரத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு பூச்சட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பழைய ரயர், சிரட்டை, மூடியில்லாத தொட்டி எல்லாவற்றிலும் தேங்கியதைக் கொட்டித் தேய்த்துவிட வேண்டும். ஜன்னலுக்குக் கம்பிவலை, பகலில் தூங்கும் குழந்தைக்கும் நுளம்புவலை. வேப்பிலைப் புகை இயற்கைதானே என்று கேட்பார்கள். புகை எதிலிருந்து வந்தாலும் நுரையீரலுக்கு அது புகைதான். பிள்ளை பெற்ற அறையில் சாம்பிராணியும் அப்படியே. ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தையை வெளியே எடுத்த பிறகு பிடியுங்கள்.

அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டையையும் சொல்லியாக வேண்டும். பலவற்றில் இருப்பது நப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறப்பிலேயே குறைவாக உள்ளவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பச்சிளம் குழந்தைக்கு, உருண்டையோடு பொத்தி வைத்த துணியைச் சுற்றினாலே சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சட்காமாலை கடுமையாகும், மூளைவரை பாதிக்கும். குறைபாடு இருப்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே குழந்தைத் துணி இருக்கும் அலுமாரிக்குள் உருண்டையே வேண்டாம். நல்ல வெயிலில் காய வைத்து, உலர்ந்த வேப்பிலையோடு மடித்து வைத்தால் போதும்.

போத்தலும் பொதியும் கடைசியில் எங்கே போகின்றன? அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டுக்குச் சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை போய்ச் சேர்வதாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அந்த மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் இருபதளவு யானைகள் இறந்திருந்தன. அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர் கண்டது பொலித்தீனும் உணவுப் பொதிகளும். ஆகவே பெரிய போத்தலாக, திரும்ப நிரப்பக்கூடியதாக வாங்குங்கள். உணவும் மருந்தும் தவிர 20 மில்லிலீற்றர் வரையான சிறு பக்கெற்றுகள் 2021 மார்ச் 31 முதல் தடை. கடையில் இன்னும் தொங்கினால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

‘இயற்கை’, ‘ஹெர்பல்’ என்ற எழுத்தையும் பச்சை இலைப் படத்தையும் நம்பி வாங்காதீர்கள். உள்ளே இருப்பவை என்ன, தயாரித்தவர் யார் என்று ஒட்டுத்தாளில் எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். எழுதாததை வாங்காதீர்கள்.

ஒவ்வொரு வீடும் தனித்தனியாக மாறுவது நல்லது. ஆனால் மணலுக்குக் கீழே எல்லா வளவுக்கும் நீர் ஒன்றுதான். நான் அமிலத்தை நிறுத்தினாலும் மதிலுக்கு அப்பால் ஊற்றுவது என் கிணற்றுக்கும் வரும். எனவே இதை ஊர் வேலையாக எடுக்க வேண்டும். பள்ளிவாசல் மலசலகூடங்களைக் கழுவ எதை, எவ்வளவு வாங்குகிறோம் என்பதை நிருவாகத்தினர் இந்த நோன்புக்கு முன்பே ஒருமுறை பேசித் தீர்மானியுங்கள். பள்ளிவாசல் மாறினால் அந்த ஜமாஅத்தின் வீடுகளும் மாறும். பாடசாலையும் மாதர் சங்கமும் தொடர்ந்து வரும்.

அடுத்த வாரம்: பெருநாளுக்குக் கண்ணில் இடும் சுருமா, கையில் இடும் கறுப்பு மருதோன்றி, முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம்.